அசைகளை எண்ணும் காது: தமிழில் ஒரு புள்ளியியல் கற்றல் சோதனையை அமைப்பது எப்படி

சேலம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் மூச்சுவிடாமல் கூவுவதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள்: "ஏற்காடேற்காடேற்காடேற்காடு". தமிழே தெரியாத ஒருவர் காதில் இது விழுந்தால், இதில் வார்த்தை எது என்று அவரால் சொல்ல முடியாது. ஏற்-கா-டேற்-கா-டேற்-கா என்றுதான் அது ஓடுகிறது. 'கா'வுக்குப் பின் எப்போதும் 'டேற்', 'டேற்'றுக்குப் பின் எப்போதும் 'கா'. எங்கே வெட்டினாலும் பொருந்தும். அதே குரல் மூன்று ஊர்ப் பெயர்களை மாற்றி மாற்றிக் கூவுவதாக வைத்துக்கொள்வோம்: "ஓமலூர்மேட்டூர்நாமக்கல்ஓமலூர்நாமக்கல்மேட்டூர்". இப்போது ஒரு தடயம் கிடைத்துவிடுகிறது. 'ஓ'வுக்குப் பின் தவறாமல் 'ம', அதன்பின் தவறாமல் 'லூர்'. ஆனால் 'லூர்' முடிந்ததும் ஒரு முறை 'மேட்', இன்னொரு முறை 'நா'. எங்கே அடுத்த அசையை ஊகிப்பது கடினமாகிறதோ, அங்கே வார்த்தை முடிகிறது.

பேச்சில் வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது, எழுத்தில்தான் உண்டு. அப்படியிருக்க, கைக்குழந்தை வார்த்தையை எப்படிப் பிரித்தெடுக்கிறது? மேலே சொன்ன கணக்கு அதற்கு ஒரு பதில். அசைகள் எதன்பின் எது, எத்தனை முறை வருகின்றன என்பதைக் காது தானாகவே சேர்த்து வைப்பதைப் புள்ளியியல் கற்றல் என்கிறார்கள். 1996-இல் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் 8 மாதக் குழந்தைகளிடம் இதைக் காட்டினார்கள். நான்கு பொய் வார்த்தைகள், ஒவ்வொன்றிலும் மூன்று அசை, நிறுத்தமோ ஏற்ற இறக்கமோ இல்லாத குரல், நிமிடத்துக்கு 270 அசை, மொத்தம் இரண்டே நிமிடம். அதற்குள் குழந்தைகள் வார்த்தையையும், இரண்டு வார்த்தைகளின் ஓரங்கள் ஒட்டிய துண்டையும் வேறுபடுத்திவிட்டன.

இந்தச் சோதனையின் பெரியவர்களுக்கான வடிவத்தை ஒரு மடிக்கணினி, ஒரு போன், இருபது பேர் இருந்தால் நீங்களே செய்யலாம். கல்வியியல், உளவியல், மொழியியல் மாணவர்களுக்கும், அங்கன்வாடியிலோ பேச்சுப் பயிற்சியிலோ வேலை செய்பவர்களுக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் ஆங்கிலக் கட்டுரையிலிருந்து அசைகளை அப்படியே எடுத்தால் தமிழ்க் காதிடம் சோதனை கெட்டுப்போகும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைத் தவிர்ப்பது பற்றித்தான்.

முதலில் பென்சிலும் தாளும்

கணினியைத் திறக்கும் முன் கணக்கைக் கையால் ஒரு முறை போட்டுவிடுங்கள். குழந்தையிடம் பேசும் ஆறு வாக்கியங்கள்:

நிலா வா. நிலா பாரு. குருவி பாரு. குருவி வா. நிலா எங்க? குருவி எங்க?

ஒவ்வோர் அசைக்கும் இரண்டு எண்கள் வேண்டும்: அது மொத்தம் எத்தனை முறை வந்தது, அதன்பின் குறிப்பிட்ட அடுத்த அசை எத்தனை முறை வந்தது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது தொடர்ச்சி நிகழ்தகவு. 'நி' 3 முறை வருகிறது, மூன்றிலும் 'லா' தொடர்கிறது: 3/3, அதாவது 1. 'லா'வுக்குப் பின் 'வா', 'பா', 'எங்' தலா ஒரு முறை: 1/3. நிலாவின் எல்லை தெரிந்துவிட்டது.

'குருவி'யில்தான் சிக்கல். 'கு'வுக்குப் பின் 'ரு' 3/3. ஆனால் 'ரு' பாருவிலும் இருக்கிறதே. மொத்தம் 5 முறை வரும் 'ரு'வுக்குப் பின் 'வி' 3 முறைதான்: 0.6. வார்த்தைக்கு நடுவிலேயே எண் சரிகிறது. இயல்பான பேச்சு இப்படித்தான், 1-உம் 0.33-உம் சுத்தமாகப் பிரிந்து நிற்காது. அதனால் எண் இவ்வளவுக்குக் கீழே போனால் எல்லை என்று ஒரு கோடு கிழிக்காதீர்கள்; அக்கம்பக்கத்தை விட எங்கே பள்ளம் விழுகிறது என்று பாருங்கள்.

வாக்கிய முடிவை என்ன செய்வது? நிறுத்தத்தையும் ஓர் அசைபோல எண்ணுங்கள். அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒட்டினால், மேலே 'வா' வரும் இரண்டு இடத்திலும் அடுத்து 'நி' வருவதால் 'வாநி' என்றொரு வார்த்தை 1 என்ற மதிப்போடு முளைக்கும். சிறிய தரவில் இப்படிப் பொய்யான 1 நிறைய வரும். ஐந்து முறைக்குக் குறைவாக வந்த அசையின் எண்ணை நம்ப வேண்டாம்.

ஒரு சொல் விளக்கம்: இங்கே அசை என்பது யாப்பிலக்கண அசை அல்ல. யாப்பில் 'குருவி' நிரை, நேர் என இரண்டு அசை. நமக்கு அது மூன்று ஒலித்துண்டு.

பொய் வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்தல்

1996 சோதனையின் வார்த்தைகளைத் தமிழில் எழுதினால் துபிரோ, கோலாபு, பிடாகு, பாடோடி. எழுதிய உடனேயே பிரச்சினை தெரியும். தமிழ் எழுத்து காட்டாத ஒலி வேறுபாட்டைத் தமிழ் வாய் காட்டிவிடும். 'காகம்' என்று சொல்லிப் பாருங்கள்: முதல் க அழுத்தமாக, இரண்டாவது இளகி ஒலிக்கும். க, ச, ட, த, ப ஐந்தும் வார்த்தை நடுவில் உயிர்களுக்கிடையே ஒற்றையாக வந்தால் இளகும். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால், இளகாத ஒற்றை வல்லினம் காதில் விழுந்தாலே தமிழர் "இங்கே வார்த்தை ஆரம்பிக்கிறது" என்று எடுத்துக்கொள்வார். நீங்கள் வார்த்தையாகச் சேர்த்துப் படித்துப் பதிந்தால் நடு வல்லினங்கள் இளகி எல்லையைக் காட்டிக்கொடுக்கும். தனித்தனி அசையாகப் பதிந்தால் எல்லாமே வார்த்தைத் தொடக்கமாகக் கேட்கும். இரண்டு வழியிலும் தோல்விதான். போதாததற்கு 'பாடோடி' என்றதும் பாதிப் பேருக்கு 'நாடோடி' ஞாபகம் வந்துவிடும்.

ஆகவே வல்லினத்தை அடியோடு விடுங்கள். ம, ந, வ, ல நான்கும் முதலிலும் நடுவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும்.

அடுத்தது உயிர். நெடில் வேண்டாம்: மா, நீ, வா, பூ, தீ என்று ஓரெழுத்தே வார்த்தையாக நிற்கும் மொழி இது. நன்னூல் அப்படி 42 சொற்களைக் கணக்கிடுகிறது, அவற்றில் 40 நெடில். குறிலிலும் எ, ஒ இரண்டும் வேண்டாம். தமிழ்ச் சொற்களில் அவை முதல் அசையில்தான் பெரும்பாலும் வரும், அதனால் அவையும் எல்லையைச் சொல்லிக்கொடுக்கும். மிஞ்சுவது அ, இ, உ. நான்கு மெய், மூன்று உயிர்: பன்னிரண்டு அசை. நமக்கு வேண்டியதும் அதே பன்னிரண்டு.

இவற்றைச் சேர்க்கும்போது மலி, வலி, நில, முனி, நுனி, வலு, மனு போன்றவை உருவாகாமல் பார்க்க வேண்டும். பேச்சில் மலையை 'மல' என்றும் வலையை 'வல' என்றும் சொல்வதால் அவையும் கூடாது. வார்த்தைக்குள் மட்டும் பார்த்தால் போதாது, ஒன்றின் கடைசியும் மற்றதன் முதலும் சேரும் இடங்களையும் பார்க்க வேண்டும். இப்படிச் சலித்தெடுத்த நான்கு:

அ மொழி: வமலு, நவுலி, மிவிநு, லநிமு.

இதே அசைகளை ஓரிடம் தள்ளி வெட்டினால் இரண்டாவது மொழி:

ஆ மொழி: லுநவு, லிமிவி, நுலநி, முவம.

அ மொழியில் 'வமலு' முடிந்து 'நவுலி' தொடங்கினால் நடுவில் 'லுநவு' பிறக்கிறது. ஆ மொழியில் 'முவம' முடிந்து 'லுநவு' தொடங்கினால் 'வமலு' பிறக்கிறது. அதாவது ஒன்றின் வார்த்தை மற்றதன் ஒட்டுத்துண்டு. பாதிப் பேருக்கு அ, பாதிப் பேருக்கு ஆ கேட்கக் கொடுங்கள். கேட்டு முடிந்ததும் ஓர் அ வார்த்தையையும் ஓர் ஆ வார்த்தையையும் ஒலிக்கவிட்டு, முன்பு கேட்டது எது என்று தேர்வு வைப்போம்; அது எல்லோருக்கும் ஒன்றே. 'வமலு' காதுக்கு இனிமையாக இருப்பதால் ஒருவர் அதைத் தேர்ந்தால் அ குழுவில் மதிப்பெண் ஏறும், ஆ குழுவில் அதே அளவு இறங்கும். இந்த மாற்றுக்குழு இல்லாத சோதனையின் முடிவை எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

குறை முழுதாகப் போய்விடவில்லை. ஆ மொழியில் இரண்டு வார்த்தை ல-வில் தொடங்குகின்றன. லாரி, லட்டு பழகியவைதான், ஆனாலும் இலக்கணப்படி ல மொழிமுதலில் வராது. 'முவம'வுக்குப் பின் 'நுலநி' வந்தால் 'மனு' என்று கேட்கும், 'லிமிவி' வந்தால் 'மலி'. ஆ குழு கொஞ்சம் தாழ்ந்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

பதிவு

சேலத்தில் இரவு பத்துக்கு மேல், மின்விசிறியை அணைத்துவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன் உட்கார்ந்து பதியுங்கள். துணி எதிரொலியை உறிஞ்சும். ஏற்காட்டில் என்றால் மாலை நேரத்துச் சில்வண்டும் தகரக்கூரை மழையும் எதிரி. அங்கே காலைதான் நல்லது. போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவு உதவாது, அது ஒலியைச் சுருக்கிவிடும். வேவ் வடிவம், ஒற்றைத் தடம், 44,100 மாதிரி வீதம்.

ஒவ்வோர் அசையையும் ஒரே குரலில், ஒரே சீராக ஐந்து முறை சொல்லி, மூன்றாவதை எடுங்கள். முதலாவது தூக்கலாக இருக்கும், கடைசி இறங்கும். நடுவில் இருப்பதுதான் சமனாக இருக்கும்.

பிறகு பிராட் என்ற இலவச மென்பொருளில் மூன்று வேலை. நீளம் எல்லாவற்றுக்கும் 220 மில்லி விநாடி. இதற்கு மேல் போனால் 'ம' இழுபட்டு 'மா' ஆகிவிடும். சுருதி எல்லாவற்றுக்கும் ஒன்றே. பெண் குரலுக்கு 200 ஹெர்ட்ஸ், ஆண் குரலுக்கு 120. சத்தம் 'ஸ்கேல் இன்டென்சிட்டி'யில் 70 டெசிபெல். ஓரங்களில் 5 மில்லி விநாடி ஏற்றி இறக்குங்கள், இல்லையென்றால் ஒட்டும் இடத்தில் 'டிக்' என்று கேட்கும்.

மூன்று மூன்றாக ஒட்டி நான்கு வார்த்தைக் கோப்புகளை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் செய்துகொள்ளலாம். இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. வார்த்தைக் கோப்பை எம்பி3 ஆகச் சேமித்தால் அதன் முன்னும் பின்னும் மிகச்சிறிய மௌனம் ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் தொடுத்தால் ஒவ்வொரு வார்த்தை எல்லையிலும் ஒரு இடைவெளி. பிறகு தேர்வில் எல்லோரும் 16-க்கு 16 எடுப்பார்கள், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். கடைசி வரை வேவ் மட்டும்.

தொடுத்தல்

ஒரு பகடை போதும். இப்போதுள்ள வார்த்தையைத் தவிர மற்ற மூன்றுக்கும் 1-2, 3-4, 5-6 என்று பங்கிட்டு உருட்டி, 120 வார்த்தைகளுக்கு வரிசை எழுதுங்கள். ஒவ்வொன்றும் 30-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று கூடக் குறைய இருந்தால் பாதகமில்லை. இந்தத் தொகுதி 79 விநாடி. அதை நான்கு முறை அடுக்கினால் ஐந்தேகால் நிமிடம் சொச்சம், 480 வார்த்தை. தொகுதியின் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் ஒன்றாக இருக்கக் கூடாது, அடுக்கும்போது இரட்டித்துவிடும். மொத்த ஒலியின் முதல் 5 விநாடியும் கடைசி 5 விநாடியும் மெல்ல ஏறி மெல்ல இறங்கட்டும். இல்லையென்றால் முதல் வார்த்தையின் தொடக்கம் பளிச்சென்று தெரிந்து, அதைப் பிடித்துக்கொண்டு மூன்று மூன்றாக எண்ணிவிடுவார்கள்.

வார்த்தைக்குள் தொடர்ச்சி நிகழ்தகவு 1, எல்லையில் 1/3. 1996-இலும் இதே அளவுதான்.

கேட்க வைத்தல்

ஹெட்போனில் கேட்கட்டும். "ஒரு புது மொழி ஓடும், சும்மா கேட்டுட்டு இருங்க" என்பதற்கு மேல் சொல்ல வேண்டாம். கை சும்மா இருந்தால் ஐந்து நிமிடம் சலிக்கும். பூக்கட்டலாம், கோலம் வரையலாம். 1997-இல் வந்த ஓர் ஆய்வில் 6, 7 வயதுப் பிள்ளைகள் கணினியில் படம் வரைந்துகொண்டிருக்க ஒலியைப் பின்னணியில் ஓடவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு கற்றிருந்தார்கள். ஆனால் மனதைப் பிடித்து இழுக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள். கவனம் முழுக்க வேறிடம் போனால் இந்தக் கற்றல் குன்றும் என்று 2005-இல் தோரோவும் உடன் ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள்.

முடிந்த உடனே தேர்வு. நான்கு அ வார்த்தை, நான்கு ஆ வார்த்தை, ஒவ்வொன்றும் மற்றதோடு ஒரு முறை ஜோடி சேர்ந்தால் 16 கேள்வி. ஜோடிக்குள் 1 விநாடி இடைவெளி, பதிலுக்கு 4 விநாடி. எட்டில் அ முதலில், எட்டில் ஆ முதலில். ஒரே வார்த்தை அடுத்தடுத்த கேள்வியில் வர வேண்டாம். கேள்வி ஒன்றே: "ரெண்டுல எது முன்னாடி கேட்ட மாதிரி இருக்கு?" தாளில் 1 அல்லது 2-ஐச் சுழிக்கட்டும், தெரியாவிட்டாலும் ஒன்றைச் சுழித்தே ஆக வேண்டும். பெரும்பாலோர் "சும்மா குத்துமதிப்பா அடிச்சேன்" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களின் தாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்; இந்தக் கற்றல் கற்றவருக்கே தெரியாமல் நடப்பது.

கடைசியில் இரண்டு கேள்வி மறக்காமல் எழுதுங்கள். ஒன்று, தெரிந்த வார்த்தை ஏதாவது காதில் விழுந்ததா? இன்னொன்று, வீட்டில் என்ன மொழி? சேலத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது பேசும் வீடுகள் நிறைய. ஒரு தறிக்கார வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ் என்று வளர்ந்தவரின் காது இரண்டு கணக்கு வைத்திருக்கும். தெலுங்கில் இளகிய வல்லினம் வார்த்தை முதலிலும் தாராளமாக வரும். மெல்லினமும் இடையினமும் மட்டும் எடுத்ததால் இந்த வேறுபாடு குறைவாகவே தலைகாட்டும், ஆனாலும் தாளில் இருக்க வேண்டும். ஏற்காடு மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் செய்தால் 'மலையாளி' என்ற பெயரைப் பார்த்து வீட்டு மொழி மலையாளம் என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ்.

எண்ணுதல்

குருட்டாம்போக்கில் அடித்தால் 16-க்கு 8. ஒரு தனி ஆள் 12 எடுத்தால்தான் தற்செயல் அல்ல என்று ஓரளவு சொல்லலாம். அதிர்ஷ்டத்தில் 12-உம் அதற்கு மேலும் வரும் வாய்ப்பு 100-க்கு 4-க்கும் கீழ். 20 பேரென்றால் 320 பதில், சரி பாதி 160. 178-ஐத் தாண்டினால் குழுவாகக் கற்றிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பெரிய எண்ணை எதிர்பார்க்காதீர்கள். 1996-இல் அதே மூவர் பெரியவர்களிடம் நடத்திய இன்னொரு சோதனையில், ஆறு வார்த்தைகளை 21 நிமிடம் கேட்டவர்களே ஒட்டுத்துண்டுக்கு எதிராக 65 சதவீதம்தான் எடுத்தார்கள். அ, ஆ குழுக்களின் சராசரியைத் தனித்தனியாகவும் எழுதுங்கள். அ குழு 13, ஆ குழு 3 என்றிருந்தால் கேட்டவர்கள் மொழியைக் கற்கவில்லை, அ வார்த்தைகளை விரும்பியிருக்கிறார்கள்.

கைக்குழந்தைகளிடம் வேண்டாம்

இதை வீட்டுக் குழந்தையிடம் செய்து பார்க்கலாமா என்ற ஆசை எல்லோருக்கும் வரும். குழந்தைகளுக்கான முறையில் இருபுறமும் விளக்கு, மறைவான ஒலிபெருக்கி, எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் திரும்பியிருக்கிறது என்று எந்த ஒலி ஓடுகிறதெனத் தெரியாத ஒருவர் குறிக்கும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். 1996-இல் அப்படிச் செய்தும் 24 குழந்தைகளின் சராசரியில் கிடைத்த வேறுபாடு ஒரு விநாடிக்கும் குறைவு. அதுவும் புதிதாகக் கேட்டதன் பக்கம்தான் அதிக நேரம், பழகியது அலுத்துவிடுகிறது. ஒரே ஒரு குழந்தை தலையைத் திருப்பியதா இல்லையா என்பதற்கு அர்த்தமே இல்லை. பேச்சு தாமதமாகிறதோ என்ற கவலை இருந்தால் முதல் வேலை அரசு மருத்துவமனையில் காதுகேட்கும் சோதனை. அசைகள் தெளிவாகக் காதில் விழுந்தால்தானே கணக்கு?

இந்தக் கணக்கே மொழி ஆகிவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 2001-இல் பருத்தித்தலை டாமரின் குரங்குகளும் இதே வேறுபாட்டைக் கண்டுபிடித்தன, அவை பேசவில்லை. கணக்கு வார்த்தையின் ஒலி வடிவத்தைக் கையில் கொடுக்கிறது. அதை 17 மாதக் குழந்தைகள் பொருளோடு எளிதில் இணைக்கின்றன என்று 2007-இல் கேத்தரின் கிராஃப் எஸ்டெஸும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். தொடரில் கேட்டுப் பிரித்த வார்த்தையைப் பெயராகக் கற்றன, ஒட்டுத்துண்டைக் கற்கவில்லை.

இரண்டாம் சுற்று

முதல் சுற்று சரியாக வந்ததும் விவரம் தெரிந்தவர் ஒருவர் கேட்பார்: வார்த்தையை 120 முறை கேட்டார்கள், ஒட்டுத்துண்டை 40 முறைதான் கேட்டார்கள், நிகழ்தகவு எதற்கு, அதிகம் கேட்டதைத் தேர்ந்தார்கள், அவ்வளவுதானே? நியாயமான கேள்வி. 1998-இல் ஆஸ்லின், சாஃப்ரன், நியூபோர்ட் இதற்கென்றே ஒரு சோதனை அமைத்தார்கள். நம் அசைகளில் அதைச் செய்ய ஒரு நாணயம் போதும்.

'வமலு', 'நவுலி' இரண்டையும் அடிக்கடி வருபவையாக வையுங்கள். இவற்றில் ஒன்று முடிந்ததும் நாணயத்தைச் சுண்டுங்கள்: தலை விழுந்தால் அடிக்கடி வருவதில் மற்றது, பூ விழுந்தால் மறுபடி சுண்டி 'மிவிநு', 'லநிமு'வில் ஒன்று. இந்த இரண்டில் ஒன்று முடிந்ததும் ஒரே சுண்டலில் 'வமலு' அல்லது 'நவுலி'. 540 வார்த்தைக்கு இப்படித் தொடுத்தால் அடிக்கடி வருபவை தலா 180-ஐ ஒட்டியும், மற்றவை தலா 90-ஐ ஒட்டியும் நிற்கும். ஒட்டுத்துண்டுகளான 'லுநவு'வும் 'லிவம'வும்கூட 90-ஐ ஒட்டித்தான் வரும். தேர்வில் 'மிவிநு', 'லநிமு' இரண்டையும் இந்த ஒட்டுத்துண்டுகளோடு மட்டும் ஜோடி சேருங்கள். எண்ணிக்கை சமம், வித்தியாசம் முதல் இணைப்பில் மட்டும், ஒன்றில் 1, மற்றதில் 0.5. மாற்றுக்குழுவுக்கு 'மிவிநு', 'லநிமு' இரண்டையும் அடிக்கடி வருபவையாக்கி, 'வமலு', 'நவுலி' இரண்டையும் 'நுலநி', 'முமிவி'க்கு எதிரே வையுங்கள்.